கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவது

பதின்வயதுப் பிள்ளைகள் தங்கிச் சிகிச்சை பெறும் ஓர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்த புதிதில் எனக்குப் பெரும்பாலும் இரவு ஷிப்ட்தான். பகலில் சிரித்துப் பேசி வளைய வரும் பிள்ளைகள் விளக்கை அணைத்ததும் வேறு ஆளாகிவிடுவார்கள். ஒருவன் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுப்பான், ஒருத்தி செருப்பைக் கழற்றாமலே படுப்பாள், இன்னொருவன் தண்ணீர் வேண்டும் என்று பத்து தடவை எழுந்து வருவான். அடம் பிடிக்கிறார்கள் என்றுதான் நானும் பதிவேட்டில் எழுதினேன். அவர்களில் பலருக்கு அடியும் அத்துமீறலும் நடந்தது இரவில், படுக்கையில் என்பது கேஸ் ஃபைலைப் படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு காலையில். எழுந்திருக்காத 14 வயதுப் பையனின் தோளைத் தொட்டு உலுக்கினேன். அவன் கண் திறப்பதற்குள் கை என் முகத்தில் விழுந்தது. இருவர் சேர்ந்து அவனைப் பிடித்து அழுத்தினோம், அப்போது எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். 'ஊழியர் மீது தாக்குதல்' என்று பதிவானது, ஒரு வாரத்துக்கு அவன் சலுகைகள் போயின. ஆனால் பிடிக்குள் இருந்தபோது அவன் எங்களைத் திட்டவே இல்லை. "இனிமே செய்யமாட்டேன், இனிமே செய்யமாட்டேன்" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். அந்த அறையில் இல்லாத யாரிடமோ.

அப்புறம் நடந்த பயிற்சியில்தான் அதற்கு விளக்கம் கிடைத்தது. மூளையில் ஆபத்தை முதலில் உணரும் அமிக்டலா என்ற பகுதி, நிதானமாக யோசிக்கும் மூளையின் முன்பகுதி விழித்துக்கொள்வதற்குள் உடம்பைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயார் செய்துவிடுகிறது. அந்த முன்பகுதி முழுதாக முதிர்வதற்கே இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். சின்ன வயதிலேயே அடிபட்ட பிள்ளைக்கு அந்த எச்சரிக்கை மணி லேசான தொடுதலுக்கும் அடிக்கும். மனநலம், போதைப்பழக்கச் சிகிச்சை ஆகியவற்றுக்கான அமெரிக்க அரசு அமைப்பான சாம்சா (SAMHSA) 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பழைய காயத்தை நாமே மறுபடியும் ஏற்படுத்திவிடக் கூடாது என்பதையும் மனக்காயம் பட்டவர்களைப் பராமரிப்பதன் அடிப்படைகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது. நாங்கள் செய்தது அதைத்தானே.

பிறகு ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டோம்: உன்னை எப்படி எழுப்பினால் சரி? எது உன்னைப் பதற வைக்கும், பதற்றம் வரும்போது எங்களுக்கு எப்படித் தெரியும், அப்போது என்ன செய்தால் உதவும்? ஒருத்திக்குச் சாவிக்கொத்துச் சத்தம்தான் பிரச்சினை என்று அன்றுதான் தெரிந்தது, இத்தனை மாதம் நாங்கள் அதைக் குலுக்கிக்கொண்டே நடந்திருக்கிறோம். அந்தப் பையன், "லைட்டைப் போட்டுட்டு வெளியவே நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றான். அவ்வளவுதான். செலவே இல்லாத விஷயம்.

இப்படிச் செய்தால் கண்டிப்பு போய்விடும், செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோம் என்று சக ஊழியர்கள் சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கதவை உடைத்தவன் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும், ஆனால் அதை அவன் மூச்சு சீரான பிறகு, பக்கத்தில் நாமும் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து செய்ய வைக்கலாம். உச்சக் கோபத்தில் இருக்கும் பிள்ளையிடம் நியாயம் பேசி நான் ஜெயித்ததே இல்லை. அதேபோல, இரண்டு ஷிப்ட் தொடர்ச்சியாகப் பார்த்துத் தூக்கமில்லாமல் நிற்கும் ஊழியரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பதும் அநியாயம். இதை நிர்வாகங்கள் பேசுவதே இல்லை, எனக்கு இன்றும் கோபம் வரும் இடம் இது.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றான், நிமிர்ந்து பார்க்கவில்லை. இரவு யார் பணியில் இருப்பார்கள் என்று மாலையிலேயே பலகையில் எழுதிப் போட ஆரம்பித்திருந்தோம். அவன் அதைப் படித்துவிட்டும், தினமும் என்னிடம் வந்து "இன்னைக்கு நைட் யாரு?" என்று கேட்பான். பலகையைக் காட்டாமல், ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்வேன்.