பனிக்காலம் முழுக்க நிற்கும் காரின் பேட்டரி

கனடாவில் நவம்பரில் மூடி வைத்த கார் ஏப்ரலில் கிளம்ப மறுத்தால், முதல் சந்தேகம் பேட்டரி மீதுதான். பூட்டி நிற்கும்போதும் அலாரம், கணினி எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி சார்ஜ் போகும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி 25 நாளில் பாதியாகிவிடும். அப்படியே விட்டால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தட்டுகளில் சல்பேட் உப்பு படிந்து இறுகும். அதைவிட மோசம், காலியான பேட்டரி மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே உறைந்து வெடிப்பு விடலாம். உறைந்ததற்குச் சார்ஜ் போடவே கூடாது.

நிறுத்தும் முன் முழு சார்ஜ் ஏற்றுங்கள். சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். பிளக் பாயிண்ட் இருந்தால் தானியங்கி மெயின்டெய்னரே (பேட்டரியில் மாட்டியே வைத்து, சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய சார்ஜர்) சிறந்தது. இல்லாவிட்டால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை அளந்து, 12.4க்கு இறங்கினால் சார்ஜ் போடுங்கள். வாரம் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது போதவே போதாது.