ஈக்வலைசர் பட்டியலில் புளூடூத் ஹெட்செட் வராவிட்டால்

எஃப்எக்ஸ்சவுண்ட், ஈக்வலைசர் ஏபிஓ மாதிரி, கணினிச் சத்தத்தின் பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் மென்பொருள் ஒன்றை நிறுவிவிட்டு, ஹெட்செட்டை அது காட்டவில்லை என்று அழித்து அழித்துத் திரும்ப நிறுவுகிறவர்கள் பலர். அதில் பலன் குறைவு. இந்த மென்பொருள்கள் ஹெட்செட்டோடு நேரே கதைப்பதில்லை. விண்டோஸ் வைத்திருக்கும் ஒலி வெளியீட்டுப் பட்டியலைத்தான் வாசிக்கின்றன. அங்கே இல்லாதது இங்கேயும் வராது.

அதனால் விண்டோஸில் தொடங்குங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், விண்டோஸ் 11 என்றால் அடியில் உள்ள 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்', 10 என்றால் 'சவுண்ட் கன்ட்ரோல் பேனல்'. திறக்கும் சிறிய பெட்டியில் பிளேபேக் பகுதியின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து, 'ஷோ டிசேபிள்ட் டிவைசஸ்', 'ஷோ டிஸ்கனெக்டட் டிவைசஸ்' இரண்டுக்கும் சரி போடுங்கள். ஹெட்செட் மங்கலாக, டிசேபிள்ட் என்று தெரிந்தால் ரைட் கிளிக், எனேபிள், அவ்வளவுதான். டிஸ்கனெக்டட் என்றால் ஜோடி சேர்ந்திருக்கிறது, இணைப்பு இல்லை. பெரும்பாலும் பக்கத்தில் கிடக்கும் கைத்தொலைபேசி அதைப் பிடித்து வைத்திருக்கும். தொலைபேசியின் புளூடூத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பெயரே இல்லையென்றால் மட்டும் செட்டிங்ஸின் புளூடூத் பக்கத்தில் 'ரிமூவ் டிவைஸ்' கொடுத்து, ஹெட்செட்டைப் புதிதாக ஜோடி சேர்க்க வேண்டும்.

பெயர் இருந்தும் குழப்பம் வருவது வேறு காரணத்தால். விண்டோஸ் 10இல் ஒரே ஹெட்செட் இரண்டு பெயரில் வரும்: 'ஹெட்போன்ஸ்... ஸ்டீரியோ', 'ஹெட்செட்... ஹேண்ட்ஸ்-ஃப்ரீ'. முதலாவது ஏ2டிபி என்ற புளூடூத் வழி; பாட்டுக்கானது, இரண்டு சேனல், 44.1 அல்லது 48 கிலோஹேர்ட்ஸ். இரண்டாவது எச்எஃப்பி என்ற புளூடூத் வழி. கதைப்பதற்கானது, ஒற்றைச் சேனல், பழைய சிவிஎஸ்டி கோடெக்கில் (கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) 8 கிலோஹேர்ட்ஸ், எம்எஸ்பிசி கோடெக்கில் 16. ஹெட்செட்டின் மைக்கை ஏதாவது செயலி திறந்த கணமே இரண்டாவதுக்குத் தாவிவிடும். ஸூமில் ரியூஷன் வகுப்பு நடக்கும்போது பாட்டு பழைய வானொலி போலக் கேட்பது இதனால்தான். ஒற்றைச் சேனல் வெளியீட்டை ஏற்காத மென்பொருளும் உண்டு. அதில் ஹெட்செட் காணாமற்போனது போலத் தெரியும். விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயருக்குள் வைத்துவிட்டது. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே நடக்கும் தாவல் நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாததால் பிழை தேடுவதுதான் கஷ்டமாகிவிட்டது.

இனி மென்பொருளுக்கு வரலாம். இரண்டு ஜாதி. எஃப்எக்ஸ்சவுண்ட் தன்னையே ஒரு ஒலிக்கருவியாக விண்டோஸில் பதிந்துகொள்ளும் வகை. சத்தம் முதலில் அதற்குள் போய், பதப்பட்டு, பிறகு ஹெட்செட்டுக்கு வரும். ஆகவே விண்டோஸின் வெளியீடு எஃப்எக்ஸ்சவுண்ட், எஃப்எக்ஸ்சவுண்டுக்குள் தெரிவு செய்த வெளியீடு ஹெட்செட். இந்த ஒழுங்கு மாறினால் சத்தம் நேரே ஹெட்செட்டுக்குப் போய்விடும், ஈக்வலைசர் சும்மா நிற்கும். ஹெட்செட் இணைந்ததும் விண்டோஸ் தானாகவே வெளியீட்டை அதற்கு மாற்றுவது வழக்கம் என்பதால் இதைத்தான் அதிகம் காண்கிறோம். ஹெட்செட்டை இணைத்த பிறகு மென்பொருளை முற்றாக மூடித் திறந்து பாருங்கள். வொல்யூம் மிக்ஸரில் குரோமுக்கோ வேறெதற்குமோ தனியாக ஹெட்செட்டைக் கொடுத்து வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

ஈக்வலைசர் ஏபிஓ அப்படியல்ல. ஒவ்வொரு வெளியீட்டின் ஒலிப்பாதைக்குள்ளும் தனித்தனியே செருகப்படும் வகை. டிவைஸ் செலெக்டரில் (பழைய பதிப்புகளில் கொன்ஃபிகரேற்றர்) ஹெட்செட்டின் ஸ்டீரியோ வரிக்கு (விண்டோஸ் 11இல் ஹெட்செட்டின் ஒரே வரிக்கு) சரி போட்டு, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: ஹெட்செட்டை நீக்கித் திரும்ப ஜோடி சேர்த்தால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாகப் பதியலாம், பழைய சரி அதற்குப் பொருந்தாது, திரும்பப் போட வேண்டும். போட்டும் வேலை செய்யவில்லையென்றால் அதே பெட்டியில் 'டிரபிள்ஷூட்டிங் ஒப்ஷன்ஸ்' திறந்து, எஸ்எஃப்எக்ஸ்/எம்எஃப்எக்ஸ் என்றிருப்பதை எஸ்எஃப்எக்ஸ்/ஈஎஃப்எக்ஸ் ஆக்குங்கள். ஹெட்செட்டின் பண்புகளில் 'ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' ஓஃப் ஆக இருந்தால் இந்த வகை இயங்கவே இயங்காது. பிளேயர் ஒலிக்கருவியைத் தனக்கே ஒதுக்கிக்கொள்ளும் எக்ஸ்குளூசிவ் முறையில் ஓடினாலும் அப்படித்தான்.

கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய மலிவு புளூடூத் டொங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் சிறு கருவி) செருகியிருந்தால் இன்னொரு சிக்கல். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் ரேடியோவோடுதான் ஒழுங்காக வேலை செய்யும். லெப்டொப்பின் உள் புளூடூத்தை டிவைஸ் மேனேஜரில் நிறுத்திவிட்டு டொங்கிளைப் பாவியுங்கள். யூஎஸ்பி 3.0 துளையும் வயரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும், புளூடூத்தும் அங்கேதான். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் அக்கம்பக்கத்து ரௌட்டர்களும் அதே பகுதியில் நெரிசல். டொங்கிளை யூஎஸ்பி 2.0 துளையில், ஒரு சிறிய நீட்டிப்பு வயரில் போட்டால் சத்தம் விட்டுவிட்டு அறுவது பெரும்பாலும் குறையும். இணைப்பு சும்மாவே விழுந்து விழுந்து எழும்பினால், டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் சேமிக்கக் கருவியை நிறுத்த அனுமதிக்கும் சரியை எடுத்துவிடுங்கள்.

வகுப்பு, மீட்டிங் நேரத்திலும் ஈக்வலைசர் வேண்டுமென்றால் ஹெட்செட்டின் மைக்கைத் தொடாதீர்கள். ஸூமில் மைக்குக்கு லெப்டொப்பின் சொந்த மைக்கையோ ஒரு யூஎஸ்பி மைக்கையோ கொடுத்து, ஸ்பீக்கருக்கு மட்டும் ஹெட்செட்டின் ஸ்டீரியோ வரியைக் கொடுங்கள். எஃப்எக்ஸ்சவுண்ட் பாவிப்பவர்கள் ஸ்பீக்கருக்கு எஃப்எக்ஸ்சவுண்டையே கொடுக்கலாம். மைக் திறக்காதவரை ஹெட்செட் ஏ2டிபியிலேயே நிற்கும்.