41 வரவில்லை

மார்ச் 3
போதைப் பழக்கம் வளரும் பிள்ளைகளின் மூளையை என்ன செய்கிறது என்று பார்க்கும் எங்கள் ஆய்வில் 41ஆம் எண் பையன். பெயர் சொல்லக் கூடாது, எண்தான். 41 இன்றும் வரவில்லை.

மார்ச் 5
13 வயதுப் பெண். பல்லில் கம்பி. போன வாரம்தான் போட்டார்களாம். கம்பி இருந்தால் மூளையின் முன்பக்கம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படத்தில் கறுத்துப்போகும், எங்களுக்கு வேண்டியதோ அந்த முன்பக்கம்தான். திருப்பி அனுப்பினேன். அழுகிற மாதிரி போனாள்.

மார்ச் 6
பணப் பரீட்சையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்கேனருக்குள் படுத்திருக்கும்போது திரையில் ஒரு வடிவம் வரும், அப்புறம் சில விநாடி காத்திருப்பு, கட்டம் மின்னியதும் பட்டனைத் தட்டினால் காசு. மூளை ஆய்வாளர் பிரையன் நட்சனின் குழு 2000இல் வெளியிட்ட முறை. காசு கைக்கு வருவதற்கு முந்தைய அந்தக் காத்திருப்பில்தான் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ், மூளையில் பரிசை எதிர்பார்க்கும் பகுதி, விழித்துக்கொள்ளும். போன வருஷம் 41 கேட்டான், "ஜெயிச்சா நிஜமாவே குடுப்பீங்களா அக்கா?" கொடுப்போம் என்றேன். ஒவ்வொரு முறை ஜெயித்தபோதும் அவன் தலை ஆடியது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் அவ்வளவு சின்ன அசைவே, மூளைப் பகுதிகளுக்கிடையே இல்லாத தொடர்பை இருப்பதுபோலக் காட்டிவிடும் என்று 2012இலேயே தெரிந்துவிட்டது. அதனால் அவன் படங்களில் பாதியை நீக்கினோம். நீக்கியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யார் அதிகம் அசைகிறார்கள்? அமைதியில்லாத பிள்ளைகள், தூங்காத பிள்ளைகள். யாருக்காக இந்த ஆய்வோ அவர்களே கணக்கிலிருந்து போய்விடுகிறார்கள். கூட்டத்தில் சொன்னேன். எண்ணிக்கை போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை.

மார்ச் 9
நாட்காட்டியை விரித்து, எந்த நாளில் போதைப்பொருள் எடுத்தாய் என்று ஒவ்வொரு நாளாகக் கேட்கும் நேர்காணல். பிறந்தநாள், பரீட்சை என்று அடையாளம் வைத்துப் பின்னால் போனால் பிள்ளைகளுக்கு எல்லாம் ஞாபகம் வரும். இன்று வந்த பையன் மறைக்காமல் சொன்னான். வெளியே வந்ததும் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதாவது சொன்னானாம்மா?" என்றார். உயிருக்கு ஆபத்து என்றால்தான் சொல்லலாம், சம்மதப் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது, அந்த அம்மாவே கையெழுத்துப் போட்டதுதான். என் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்குமோ.

மார்ச் 10
தூக்கமில்லை. காதுக்குள் ஸ்கேனர் சத்தம்.

மார்ச் 12
41இன் எண் உபயோகத்தில் இல்லை. மாற்று எண்ணில் பாட்டி. "அவன் இப்ப இங்க இல்லம்மா. நீங்க யாரு?" என்ன ஆய்வு என்று சொல்ல முடியாது. சொன்னால் அவனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். என் பெயரையும் போன் எண்ணையும் மட்டும் கொடுத்துவிட்டு வைத்தேன். எங்கே போனான் என்று கேட்டிருக்கலாமோ. கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா.

மார்ச் 13
பட்டியலில் அவன் பெயருக்கு நேராக 'தொடர்பில் இல்லை' என்று போடச் சொன்னார்கள். இன்னும் போடவில்லை.

மார்ச் 16
பாட்டி கூப்பிட்டார்! வியாழன் 10 மணிக்குக் கூட்டி வருகிறாராம். படம் எடுக்காத, பிள்ளைகள் படுத்துப் பழகுவதற்கான மாதிரி ஸ்கேனரில் அரை மணி கூடுதலாகக் கேட்டு வாங்கிவிட்டேன். இந்த முறை அவசரப்படுத்தாமல், அந்தச் சத்தத்துக்குப் பழகும்வரை படுக்க வைத்து, பட்டனைத் தட்டும்போது விரல் மட்டும் அசைந்தால் போதும் என்று அவனுக்கு நானே படுத்துக் காட்டப்போகிறேன்.

மார்ச் 19
8:40. வந்துவிட்டேன். போர்வை எடுத்து வைத்தாயிற்று.