பழைய சிபிஆர் 250ஆர்: இன்ஜினைத் தொடும் முன் ரப்பரையும் திரவங்களையும் பாருங்கள்

ஹோண்டா சிபிஆர் 250ஆர் பைக் இந்தியாவுக்கு வந்தது 2011-ல். 2020-ல் பிஎஸ்-6 புகை விதி வந்ததும் நிறுத்திவிட்டார்கள். முதல் வருஷத்து வண்டிகளுக்கு 2026-ல் 15 வயது முடிகிறது. டிஎன் 24 (கிருஷ்ணகிரி), 29 (தர்மபுரி), 70 (ஓசூர்) என்று நம் பக்கத்து நம்பர் போட்ட வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்றுதான். அதைவிட அவசியமான கேள்விகள் வேறு: கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எந்த வருஷம் மாற்றியது, பிரேக் ஆயில் எப்போது மாற்றியது, டயர் எந்த வாரம் தயாரானது.

காரணம் இருக்கிறது. 76 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 55 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), வால்வைத் தள்ள உருளை வைத்த ரோலர் ராக்கர் கொண்ட இந்த இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றினால் சுலபத்தில் தேயாது. நின்றுகொண்டே கெடுவது ரப்பரும் திரவங்களும்தான். வீட்டு நிழலில் நான்கு வருஷம் துணி போர்த்தி வைத்த வண்டி, தினமும் ஓசூர் போய்வந்த வண்டியைவிட அதிகச் செலவு வைக்கும்.

முதலில் கூலண்ட். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டிலும் இதுதான் தலையாய வேலை. இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், உப்பும் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அப்படிப்பட்ட போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் மெல்லிய குழாய்களுக்குள் சுண்ணாம்புப் படிவம் கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் பளபளவென்று இருக்கும். உள்ளே பாதி வழி அடைத்திருக்கும். தர்மபுரிக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. சூளகிரி தாண்டி ஓசூர் மேட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏறும்போதோ, கிருஷ்ணகிரி டோலில் வெயிலில் நிற்கும்போதோ ஃபேன் நிற்காமல் ஓடும், டெம்பரேச்சர் கோடுகள் ஏறும்.

வண்டி முழுக்க ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். வாட்டர் பம்ப் மூடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி வடித்துவிடுங்கள். ரிசர்வ் டேங்க்கைத் தனியே கவிழ்த்துக் கழுவ வேண்டும், அடியில் சேறு இருக்கும். வருவது துருநிறமாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஃபேன் ஒருமுறை ஓடும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து மறுபடி வடிக்க வேண்டும். தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்வதுதான் வழி. டிரெயின் போல்ட் வாஷரைப் புதிதாகப் போட்டு, பாதிக்குப் பாதி கலந்து வரும் சிலிகேட் இல்லாத எத்திலீன் கிளைக்கால் கூலண்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். சிலிகேட் கலந்தது பம்ப் சீலைத் தேய்க்கும். இரண்டு லிட்டர் வாங்கினால் குறையாது. மூடி போடாமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு, ஆக்சிலேட்டரை மூன்று நான்கு முறை சட்டென்று திருகி விட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும், மட்டம் இறங்கும், நிரப்பி மூடலாம். காற்றை எடுக்காமல் விட்டால் புதுக் கூலண்ட் போட்ட அன்றே சூடேறும்.

ரேடியேட்டர் மூடியும் வயதாகிற பொருள்தான். ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் சீக்கிரம் கொதிக்கும். பழைய மூடியில் அச்சிட்டுள்ள அதே அழுத்த எண் உள்ளதையே வாங்குங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஊசித்துளை மாதிரி ஒரு துளை உண்டு. அதில் கூலண்ட் சொட்டினால் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. ஆயில் சொட்டினால் ஆயில் சீல். அந்தத் துளையை எம்-சீல் பசை வைத்து அடைக்கிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அடைத்தால் கூலண்ட் ஆயிலோடு கலக்கும், ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும், அதன்பிறகு செலவு பல மடங்கு.

அடுத்தது பிரேக். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் நெடுக இறக்கம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்குக் கணக்கு 155 டிகிரி. இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். லீவர் கைப்பிடிவரை வந்தும் பிடிக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம். தேன் நிறம் தாண்டிக் காபி நிறம் வந்திருந்தால் வருஷக் கணக்கே பார்க்க வேண்டாம்.

சி-ஏபிஎஸ் (முன், பின் பிரேக்கை இணைத்த ஏபிஎஸ்) மாடலில் பல மெக்கானிக்குகள் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. அதில் பின் பெடலை மிதித்தால் முன் காலிப்பரின் மூன்று பிஸ்டன்களில் நடுவிலுள்ளதும் வேலை செய்யும். பின் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் முன்சக்கரம் வரை போகிறது என்று அர்த்தம். பின் காலிப்பரில் மட்டும் ப்ளீட் செய்தால் (பழைய ஆயிலை வெளியேற்றினால்) அந்த நீண்ட குழாயில் பழைய ஆயில் அப்படியே கிடக்கும். முன் காலிப்பரில் பின் பெடலுக்குரிய நிப்பிளிலும் (ஆயிலை வெளியே விடும் திருகு) எடுக்க வேண்டும். சின்னச் சின்னதாகப் பல மிதி மிதித்து, பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, மூடிய பிறகே பெடலை விட வேண்டும். பேட் மாற்றும்போது பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். வெளியே தெரியும் பகுதியைப் பிரேக் ஆயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் தள்ளுங்கள். கிரானைட் குவாரித் தூசி அதில் ஒட்டியிருக்கும், சீலைக் கீறிவிடும். ஸ்லைடர் பின்னுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே அச்சிட்டிருக்கும்.

கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) இந்த வண்டியில் முன்கூட்டியே போகிற பாகம். முன்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் நேராக வரும்போது பள்ளத்தில் விழுந்ததுபோல் பிடித்தால் தடத்தில் குழி விழுந்துவிட்டது. நட்டை இறுக்குவதில் பயனில்லை, மேல் கீழ் இரண்டு செட்டும் மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தை உளியால் சாய்த்துத் தட்டினால் ஃபிரேம் கழுத்து கீறும். சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதே நேரத்தில் ஃபோர்க் கழன்றிருப்பதால் ஆயில் சீல், டஸ்ட் சீல், ஃபோர்க் ஆயில் மூன்றையும் முடித்துவிடலாம். கூலி ஒன்றுதான்.

கரண்ட் விஷயத்தில் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். பேட்டரி 12 வோல்ட், 6 ஆம்பியர்-அவர். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.8 அளவில் இருக்க வேண்டும். ஓடும்போது, 5,000 ஆர்பிஎம்மில் 14-ஐ ஒட்டி வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் உடனே பேட்டரி வாங்க ஓடாதீர்கள். மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களின் கப்ளரைப் பாருங்கள். பழுப்பேறி உருகியிருப்பது அங்கேதான். கப்ளர் நன்றாக இருந்தால் மூன்று வயர்களுக்கிடையே ஓம்ஸ் சமமாக வருகிறதா, எதுவும் பாடியோடு தொடுகிறதா என்று பார்த்த பிறகே ரெக்டிஃபையர் (பேட்டரிக்கேற்ப மின்சாரத்தை மாற்றும் பாகம்) மேல் சந்தேகம் வர வேண்டும். மீட்டரில் எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) விளக்கு மின்னினால் எண்ணுங்கள்: நீண்ட மின்னல் பத்து, குட்டை மின்னல் ஒன்று. 7 என்றால் கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார், 21 ஆக்சிஜன் சென்சார், 29 ஐடில் ஏர் வால்வு. இதற்கு ஸ்கேனர் தேவையே இல்லை.

இன்ஜின் ஆயில் 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ (பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற தரம்). ஃபில்டரும் சேர்த்து மாற்றினால் 1.5 லிட்டர், இல்லையென்றால் 1.4. ஃபில்டரில் 'அவுட் சைட்' என்று எழுதிய பக்கம் மூடியைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயில் போகாமல் இன்ஜின் சிக்கும். ஏர் ஃபில்டர் எண்ணெய் ஊறிய காகித வகை. காற்றடித்தாலும் கழுவினாலும் வீண். குவாரி லாரி ஓடும் ரோட்டில் தினமும் போகிறவர்கள் புத்தகத்தில் சொன்ன கணக்கில் பாதியில் மாற்றுவது நல்லது. செயின் 520 ஓ-ரிங். மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், பிறகு 80-90 கியர் ஆயில். தொய்வு 20 முதல் 30 மி.மீ.

டேப்பட்டை (வால்வு இடைவெளி) கடைசியில் வைத்தாலும் தள்ளிப்போடக் கூடாது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தால் எக்ஸாஸ்ட் வால்வுப் பக்கம் இடைவெளி குறைந்து இறுகியிருக்கலாம். இன்டேக் 0.16, எக்ஸாஸ்ட் 0.27 மி.மீ., இரண்டிலும் 0.03 கூடக்குறைய இருக்கலாம். இன்ஜின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும் என்பதால், ஏப்ரல் மே மாதத்தில் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். இதன் ராக்கரை நகர்த்தி, கேம் ஷாஃப்டைக் கழற்றாமலே ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்றலாம். அருமையான வடிவமைப்பு. கணக்கு இது: அளந்த இடைவெளியிலிருந்து வேண்டிய இடைவெளியைக் கழித்து, பழைய ஷிம் தடிமனைக் கூட்டுங்கள். எக்ஸாஸ்ட் 0.20 காட்டுகிறது, பழைய ஷிம் 1.950 என்றால் வேண்டியது 1.880, கிடைப்பதில் 1.875 போட்டால் சரி. ஷிம்மை எடுக்கும் முன் டைமிங் செயின் குழிக்குள் துணி அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்தால் சைடு கவரைக் கழற்ற வேண்டிவரும்.

ஆர்சி புதுப்பிக்க, 15 வருஷம் முடியும் முன்பே படிவம் 25 கொடுத்து வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்ட வேண்டும். ஃபோர்க் சீல் ஒழுகல், வழுக்கை டயர், எரியாத பிரேக் லைட் ஆகியவற்றை அதற்கு முன்பே முடித்துவிட்டுப் போங்கள்.