டோக்கன் கொடுத்தும் போக மறுத்த பழைய பாஸ்வேர்டு

இனி ஏபிஐ-க்கு (நம் ஸ்கிரிப்ட் ஒரு சேவையோடு பேசும் வழி) பாஸ்வேர்டு செல்லாது, டோக்கன் என்ற ரகசியச் சாவிதான் என்று மெயில் வந்து இரண்டு மாதம் ஆகியும் கடைசி வாரம் வரை இழுத்தடித்தது என் தப்பு. பத்து நிமிட வேலைதானே, ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் ஹெட்டரில் பேசிக் (பாஸ்வேர்டு முறை) என்று இருப்பதை பேரர் (டோக்கன் முறை) என்று மாற்றினால் போச்சு என்ற தெனாவட்டு.

முதல் டோக்கனை காப்பி செய்வதற்குள் பக்கத்தை மூடிவிட்டேன். ஒரே ஒரு முறைதான் காட்டுவார்கள், கவனம். இரண்டாவதில் படிக்கும் ஸ்கோப்பை, அதாவது படிக்கும் அனுமதியை மட்டும் டிக் செய்திருந்தேன். எழுதப் போனால் 403 என்ற பிழை. அதுகூடப் பரவாயில்லை, ஆளைத் தெரிகிறது, அனுமதிதான் இல்லை என்று அர்த்தம். மூன்றாவது என் லேப்டாப்பில் ஓடியது.

சர்வரில் ஏற்றினேன். 401. அதாவது ஆளையே தெரியவில்லையாம்! அதே டோக்கன், அதே கோட். அதே சர்வரில் கர்ல் என்ற கமாண்டில் கேட்டால் 200, அதாவது வெற்றி என்று வருகிறது, பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டினால் 401. சப்போர்ட்டில் கேட்டால் "புதிய டோக்கன் உருவாக்கிப் பாருங்கள்" என்றார்கள். உருவாக்கினேன். மறுபடி 401. திரும்பக் கேட்டேன், அதே வரியை அப்படியே ஒட்டி அனுப்பினார்கள்.

சாயங்காலம்தான் புத்தி வந்தது. பதிலோடு வரும் ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டில் இருந்து, உண்மையில் வெளியே போன ஹெட்டரை அச்சிட்டுப் பார்த்தேன். நான் எழுதியது பேரர், போயிருப்பது பேசிக். அதோடு பேஸ்64 முறையில் எழுத்து மாற்றிப் போன சரத்தைப் பிரித்தால் பழைய பாஸ்வேர்டு பல்லிளிக்கிறது.

எப்போதோ சர்வரின் ஹோம் டைரக்டரியில் வைத்து மறந்துபோன, ஹோஸ்ட் (சர்வர் முகவரி) வாரியாகப் பாஸ்வேர்டு எழுதி வைக்கும் டாட் நெட்ஆர்சி (.netrc) கோப்புதான் காரணம். நாம் கூப்பிடும் ஹோஸ்டுக்கு அதில் பதிவு இருந்தால், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி நாம் கையால் வைத்த ஆத்தரைசேஷன் ஹெட்டரைத் தள்ளிவிட்டு அதைத்தான் அனுப்பும். அதன் டாக்குமென்டேஷனிலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. கர்லோ, நாம் சொன்னாலொழிய அந்தக் கோப்பைத் தொடாது. ரிக்வெஸ்ட்ஸ் செஷனில் டிரஸ்ட் என்விரான்மென்ட் (trust_env) என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கியும் தப்பிக்கலாம், ஆனால் என்விரான்மென்டில் வைத்த ப்ராக்ஸி (இடைச் சர்வர்) அமைப்பும் சேர்ந்து போய்விடும்.

கோபத்தில் கோப்பையே அழித்தேன். உடனே 200! அன்று இரவே வேறொரு சர்வரிலிருந்து சோர்ஸ் கோடை இழுக்கும் கிட் (git) வேலை நின்றது; அதற்கும் அந்தக் கோப்பில்தான் பாஸ்வேர்டு இருந்ததாம். சம்பந்தப்பட்ட மூன்று வரியை மட்டும் எடுத்திருக்க வேண்டும்.