பெல்ட் போட்டிருந்ததை நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி இடித்து, கார் ஓட்டிப்போன அண்ணனின் வலது தொடை எலும்பு உடைந்த வழக்கு ஒருவழியாக முடிந்தது. பணமும் வந்துவிட்டது. ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.

எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்), ஊனச் சான்றிதழ் எல்லாம் வக்கீல் குமாஸ்தா சொன்னபடி வாங்கினோம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இருந்து சட்டம் மாறியிருப்பதால், அண்ணன் கட்டிலில் கிடக்கும்போதே கையெழுத்து வாங்கி, உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து இழப்பீட்டு மனு, போட்டாயிற்று.

முதல் தலைவலி, யார் மேல் வழக்கு என்பது. லாரிக் கதவில் ஒரு டிரான்ஸ்போர்ட் பெயர், பெட்டியில் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி பெயர். பரிவாகன் ஆப்பில் பார்த்தால் உரிமையாளர் பெயரில் பாதி நட்சத்திரக் குறிகள். ஸ்டேஷனில் ஆர்.சி. நகல் கேட்டால், "ரைட்டர் லீவு, நாளைக்கு வாங்க தம்பி". அந்த நாளை வருவதற்குள் செருப்பு தேய்ந்துவிட்டது. கடைசியில் நகல் கிடைத்தது; அதில் இருந்தது கதவில் இருந்த அதே டிரான்ஸ்போர்ட் பெயர்தான்.

அந்தக் கம்பெனியோ, "வண்டியை எப்போதோ விற்றுவிட்டோம், டிரைவர் எங்கள் ஆளே இல்லை" என்று பதில் மனு போட்டது. விற்றிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை பதிவான உரிமையாளர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் வழக்கில் சொல்லிவிட்டது. வக்கீல் அதைக் காட்டினார். அதோடு, அன்று லாரி துறைமுகத்தை விட்டு வெளியே வந்த கேட் பாஸை நீதிமன்றம் மூலமாகவே வரவழைத்தார். அதிலும் அந்தக் கம்பெனி பெயர்தான் இருந்தது. அப்புறம் அவர்கள் பக்கம் சத்தமே இல்லை.

அடுத்து இன்சூரன்ஸ்காரர்கள் பிடித்துக்கொண்டது சீட் பெல்ட்டை. அண்ணன் பெல்ட் போடவில்லை, காயத்துக்கு அவரும் காரணம், அதனால் இழப்பீட்டில் கால்வாசியைக் கழிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம் உண்டு, சரி. ஆனால் போடவில்லை என்று சொல்பவர்தானே அதை நிரூபிக்க வேண்டும்? அதனால்தான் காயம் என்றும் காட்ட வேண்டும். பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டும் இழப்பீட்டைக் குறைக்க முடியாது, அந்தத் தவறுக்கும் விபத்துக்கோ காயத்துக்கோ தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020-இல் முகமது சித்திக் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. எங்கள் விஷயத்தில் லாரி இடித்தது டிரைவர் பக்கக் கதவில். கதவே உள்ளே வந்து தொடையை நசுக்கியது. அதைப் பெல்ட் எப்படித் தடுக்கும்?

வாதம் இருந்தாலும் ஆதாரம் வேண்டுமே. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் பிரேக் உண்டு, கண்ணாடி உண்டு, பெல்ட் பற்றி ஒரு வரி கிடையாது. நல்லவேளை, கார் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் கிடந்தபோதே உள்ளே தலையை விட்டுப் போட்டோ எடுத்திருந்தேன். பெல்ட் பட்டை சாய்வாக அறுபட்டு ஒரு முனை தொங்குகிறது; பெல்ட்டின் உலோக நாக்கு இன்னும் கொக்கியிலேயே மாட்டியிருக்கிறது. வண்டியை ஸ்டேஷனில் இருந்து எடுக்கும் முன் உள்பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள். மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் போச்சு.

அண்ணனை வெளியே தூக்க அந்தப் பெல்ட்டை அறுத்தவர் பக்கத்துக் குப்பத்து இளைஞர். கோர்ட்டு என்றதும் முதலில் நழுவினார். அவருடைய அம்மாவிடம் அண்ணி போய்ப் பேசிய பிறகுதான் வந்தார். கூண்டில் நின்று, "கொக்கி கழலல சார், மீன் வெட்டுற கத்தியால நான்தான் அறுத்தேன்" என்றார். "பெல்ட்டையா, சீட் கவரையா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "சீட் கவர அறுத்து ஆள எப்படி சார் தூக்குறது?" என்று இவர் திருப்பிக் கேட்க, நீதிபதியே குனிந்து சிரித்துக்கொண்டார்.

ஒரு பைசா கழிக்கவில்லை. வட்டியோடு கட்டச் சொல்லி உத்தரவு.

அதிலும் ஒரு இழுபறி. பாஸ்புக்கில் அண்ணனுக்கு ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு. அதைச் சரிசெய்து வரும்வரை பணம் கோர்ட்டு டெபாசிட்டிலேயே கிடந்தது. மனு போடும் நாளிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.