பெட்டியில் 1000, கையில் 690: என் பிரேக் பேரல் ஏர் ரைபிள் பட்ட பாடு

புது ஏர் ரைபிளில் பவர் இல்லை என்று தோன்றினால், யார் சொன்னாலும் உடனே ஸ்பிரிங்கை மாற்றிவிடாதீர்கள். எனக்கு சர்வீஸ் சென்டரில் அதைத்தான் செய்தார்கள். பணம் போனது, பவர் வரவில்லை. என்னுடையது பிரேக் பேரல், அதாவது குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கும் வகை. ட்ரிகரை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் அழுத்தும் காற்று பெல்லட் எனும் சின்னக் குண்டை வெளியே தள்ளும்.

வாங்குவதில் சிக்கல் எதுவும் இல்லை. குழலின் உள்விட்டம் 0.177 அங்குலம் (அதைத்தான் காலிபர் என்பார்கள்), சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாதது என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். ஆதார் நகல் கொடுத்தேன், பில் போட்டார்கள்.

கிளப் ரேஞ்சில்தான் வினை. பத்து மீட்டரில் ஐந்து பெல்லட்டும் ஐந்து பக்கம் போயின. பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராப் வைத்துப் பார்த்தால் வினாடிக்கு 690 அடி, அடுத்தது 640, அதற்கடுத்தது 710. பெட்டியிலோ கொட்டை எழுத்தில் 1000.

அந்த 1000, எடை குறைந்த 5.5 கிரெய்ன் (பெல்லட் எடையை அளக்கும் அலகு) அலாய் பெல்லட்டுக்கான கணக்கு. நாம் சுடுவது 8.4 கிரெய்ன் ஈயம். வேகத்தின் வர்க்கத்தைப் பெல்லட் எடையால் பெருக்கி 450240-ஆல் வகுத்தால் ஆற்றல் ஃபுட் பவுண்ட் அலகில் வரும், அதை 1.356-ஆல் பெருக்கினால் ஜூல். போட்டுப் பாருங்கள்: 5.5 கிரெய்ன் 1000 அடியில் போனாலும், 8.4 கிரெய்ன் 800 அடியில் போனாலும் 16 ஜூலை ஒட்டித்தான் வரும். அதனால் 800 பக்கம் வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். 690 என்றால் வெறும் 12 ஜூல். அதைவிட மோசம், ஒவ்வொரு தடவை சுடும்போதும் வேகத்தில் வந்த அந்த ஏற்ற இறக்கம்.

வாங்கிய கடையில் "சர்வீஸ் சென்டர்தான் போகணும் சார்" என்று முடித்துக்கொண்டார்கள். கூரியர்காரர்களோ துப்பாக்கி என்றதுமே கையை விரித்தார்கள். பில்லைக் காட்டியும் பயனில்லை. நானே உறையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்தவர் துப்பாக்கியை மடக்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்பிரிங் வீக் சார். ஹெவி ஸ்பிரிங் போட்டு பவர் ஏத்தித் தரட்டுமா?" என்றார். மறுத்துவிட்டேன். நீங்களும் மறுத்துவிடுங்கள். 20 ஜூலைத் தாண்டிவிட்டால் லைசென்ஸ் இல்லாத ஆயுதம் நம் வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

வாரன்ட்டி கார்டில் கடை முத்திரை இல்லையாம். சாதா ஸ்பிரிங்குக்கும் கூலிக்கும் பணம் வாங்கினார்கள். கொடுக்கும்போது ஒரு தடவை சுட்டுக் காட்டினார். படார் என்று சத்தம், குழலிலிருந்து புகை. "பாத்தீங்களா சார், எப்படிப் போகுதுன்னு!" அந்தப் புகையில்தான் ஏமாற்றே இருந்தது. பிஸ்டன் அழுத்தும்போது உள்ளே காற்று கொதிக்கிற சூடாகும். எண்ணெய் அதிகம் இருந்தால் பற்றிக்கொள்ளும். வேகம் பொய்யாக எகிறும், காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீலும் கெடும். ரேஞ்சில் எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் மறுபடி அதே 690.

கிளப்பில் ஒரு மூத்தவர் இருக்கிறார். "தம்பி, குழல் மடங்குற இடத்துல ஒரு டிஷ்யூ துண்டை வச்சுட்டுச் சுடு" என்றார். பெல்லட் போட்டு, அட்டையைக் குறி பார்த்துச் சுட்டேன். டிஷ்யூ எகிறிப் பறந்தது. குழலின் பின்வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு பக்கம் நசுங்கிப்போயிருந்தது. காற்று அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. சில்லறைக் காசுக்கு வேறு வளையம் போட்டதும் 775, 780, 785! கிட்டத்தட்ட 15 ஜூல். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

முன்பக்கம் கை பிடிக்கும் முன்கட்டையின் ஸ்க்ரூக்களும் தளர்ந்திருந்தன, முடுக்கினோம். அப்புறம் பிடிக்கும் விதம். பெல்லட் குழலை விட்டுப் போவதற்குள்ளேயே பிஸ்டன் துப்பாக்கியைப் பின்னும் முன்னும் உதறிவிடும். அதனால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது; முன்கட்டை உள்ளங்கையில் சும்மா கிடக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். இப்போது ஐந்து பெல்லட் துளைகளையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம்.

ஸ்கோப் வாங்கினால் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கென்றே செய்ததை வாங்குங்கள். சாதாரண ஸ்கோப் அந்த உதறலில் உள்ளே ஆடிவிடும். பெல்லட் போடும்போது மறு கையால் குழலைக் கெட்டியாகப் பிடித்திருங்கள், ட்ரிகர் வழுக்கினால் விரல் போய்விடும். பெல்லட் இல்லாமல் சுட வேண்டாம். குருவி, கொக்கைக் குறிவைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். பில் நகல் உறைக்குள்ளேயே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் போலீஸ் கேட்டபோது என்னைக் காப்பாற்றியது அதுதான்.

ஸ்பிரிங்குக்கும் கூலிக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு, பழைய வளையத்தின் படத்தோடு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.